மடியில் மூன்று

காரைக்குடியிலிருந்து புதுவயலுக்கு
ஏழே காலுக்கு ஒரு டவுன் பஸ்.
உட்கார்ந்தவர் மடி பொதுச்சொத்து.
ஒருத்தி தூக்குவாளி தந்தாள்,
ஒருவர் வெற்றிலைக் கட்டு,
ஒரு யூனிஃபார்ம் பிள்ளை புத்தகப் பை.
நான்காவதாய் வந்தது முருங்கைக்கீரைக் கட்டு.
வளைவில் நழுவியது எதுவென்று
பஸ் நின்ற பிறகுதான் தெரிந்தது.

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில்
இதைத்தான் எழுதியிருக்கிறேன்,
முருங்கை இல்லாமல்,
பதினோரு பக்கம்.

பள்ளிக்கூட வாசலில் சேவுகனின் அம்மா
முந்தானையால் தவிடு தட்டிக்கொண்டே
என்னென்னவோ சொன்னாள்,
பெரிய டீச்சரிடம் சொல்லிவிடச் சொல்லி.
ஆலைக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.
சரி சரி என்றேன்.

இலவசக் காலணிப் பெட்டிகளுக்கு நடுவே
எனக்கு ஒரு மேசை.
அவித்த நெல்லின் வாடை
வினாத்தாள்வரை ஏறியிருந்தது.

நொடிக்கு ஓர் எண்.
குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.
ஏழு. இரண்டு. ஒன்பது. நான்கு.
ஜுவைரியா பட்டென்று திருப்பிச் சொன்னாள்.
ஐந்து எண், ஆறு எண்,
தலைகீழாகவும்.
நடுவில் நிமிர்ந்து கேட்டாள்:
"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே,
என்னை எதுக்கு மிஸ் கூப்பிட்டீங்க?"
ஒண்ணுமில்லாதது எவ்வளவு என்று அளக்கத்தான்
என்று சொல்லவில்லை.
பென்சில் கொடுத்து அனுப்பினேன்.

சேவுகனுக்கும் அதே வயது, அதே நான்காம் வகுப்பு.
என் அட்டவணையில் இருவரும் எதிரெதிர்க் கட்டம்.
ஏழு. இரண்டு. ஒன்பது.
"ஏழு... ரெண்டு..."
அவன் கண் ஜன்னலுக்குப் போகவில்லை.
போயிருந்தால் கவனச் சிதறல் என்று
எழுத வசதியாக இருந்திருக்கும்.
என் வாயையே பார்த்தான்,
மூன்றாவது எண் இன்னும் அங்கேயே
ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

தலைகீழாகச் சொல்லச் சொன்னேன்.
வெகுநேரம் கழித்து,
"போறப்ப தெரியுது மிஸ்.
திரும்புறப்ப வேற ரோடா இருக்கு."
விடைக் கட்டத்தில் பூஜ்யம்.
இதை எழுத ஓரத்தில் இடமில்லை,
தாளின் பின்பக்கம் எழுதினேன்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் சுற்று.
வாளி. சீப்பு. பல்லி.
பூட்டில் நின்றுவிட்டான்.
தெரியும் அவனுக்கு, கை காற்றில் சாவி திருகுகிறது.
கடிகாரத்துக்குக் கையைப் பார்க்கத் தெரியாது.
நான்கு நொடி. ஆறு.
ஆலைச் சங்கு ஊதியது.
சொன்னானா இல்லையா, கேட்கவில்லை,
உதடு குவிந்ததை மட்டும் பார்த்தேன்.
கையேட்டைப் புரட்டினேன்.
சங்கைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

நினைவு ஒரு செட்டிநாட்டு வீடு,
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று
என் நெறியாளர் ஒரு கருத்தரங்கில் சொன்னார்.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் சேவுகனின் அம்மா
அப்படி ஒரு வீட்டில் கூட்டப் போகிறாள்.
முகப்பு மட்டும்.
மற்றக் கதவுகளின் சாவி கோலாலம்பூரில்.

மதியம் பெரிய டீச்சரிடம் சொன்னேன்:
முட்டை அவனுக்குச் சேராதாம்.
வியாழக்கிழமை காதுகுத்துக்கு லீவு வேணுமாம்.

கதவோரம் சேவுகன்.
"அம்மா மூணு சொன்னாங்க மிஸ்.
நீங்க ரெண்டுதான் சொன்னீங்க."
"மூணாவது என்னடா?"
இப்போது அவன் வாயை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நொடி. நான்கு. ஆறு. பத்து.
"தெரியல மிஸ்.
ஆனா மூணு."

பெரிய டீச்சர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
தூக்குவாளி, வெற்றிலை, புத்தகப் பை என்று
எதையெதையோ எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆலை வாசலில் ஷிப்ட் மாறியிருந்தது,
அவளைக் காணோம்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
விடைத்தாள் பையை
யாரோ ஒருத்தி மடியில் வைத்தேன்.
அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.
மடியில் ஏற்கெனவே மூன்று.