டோபி காட், வாயில் எண் தெரியாது

கண்ணாடிக்குப் பின்னால் என் இருக்கை.
காலை ஒன்பது வரை பிழைகள் வருவதில்லை.
வேலைக்கு ஓடுபவர்களுக்குத்
தவறு செய்ய ஏது நேரம்?

அதன் பிறகு வருவார்கள்.
ஹோட்டல் அறைச் சாவி அட்டையை
வாயிலில் தட்டித் தட்டிப் பார்த்து
ரயில் நிலையத்தின்மேல் கோபப்படுகிறவர்.
பக்கத்துத் தெரு அருங்காட்சியகத்துக்கு
எத்தனை ரயில் மாற வேண்டும் என்று கேட்கிறவர்.
நடந்தே போகலாம் என்றால்
என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.
வரைபடத்தில் விரல் வைத்து அளந்து
"ரெண்டு விரற்கடைதானே" என்று
உச்சி வெயிலில் தொப்பியில்லாமல் இறங்குகிறவர்.
மூன்று மணிக்கு மழை கொட்டும்போது
அவரை நினைத்துக்கொள்வேன்.

டுரியானை மூன்று பைகளில் கட்டி
மேலே துண்டும் சுற்றிக்கொண்டு
ஒன்றும் அறியாத முகத்தோடு ஒரு தம்பதி.
உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.
இருபதடி தொலைவிலேயே
பழம் சொல்லிவிட்டது.

ஒருநாள் ஒரு நல்லவர்
உணவங்காடி மேசையில் யாரோ மறந்துவிட்டார்கள் என்று
ஒரு டிஷ்யூ பாக்கெட்டை
என்னிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார்.
பதிவேட்டில் எழுதினேன்:
டிஷ்யூ, ஒன்று, பிரிக்காதது.
ரோஸ்னா சிரித்த சிரிப்பில்
அவள் கோப்பி சிந்தியது.
அங்கே யாரோ ஒருவர்
சூடான மீ தட்டோடு
பிடித்துவைத்த இடம் எங்கே என்று
நின்றுகொண்டிருந்திருப்பார்.

நான் மட்டும் என்னவாம்.
மதுரையில் சாலையைக் கடக்க
பச்சை மனிதன் வருவான் என்று
இருபது நிமிடம் காத்திருந்தவள்.
கடைசியில் ஒரு மாடு கடந்தது.
அதன் மறைவில் நானும் கடந்தேன்.

போன வியாழன் வந்தவர் ஈரோட்டுக்காரர்.
பெயர் அழகுவேல், சாயப்பட்டறை வைத்திருப்பதாக
அவராகவே சொன்னார்.
தோளில் மகன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.
மனைவி பெட்டியின்மேல் உட்கார்ந்து
செருப்புக் கடித்த இடத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

"சேட்டுங்ககிட்ட யாவாரமுங்க, இந்தி கொஞ்சம் தெரியும்.
காட்டுன்னா படித்துறைதானுங்களே?
வெளுக்கறவங்க துறைன்னு பேரு வெச்சுட்டு
தண்ணி எங்கீங்க?"

"எந்த வாயில் வேணும்?" என்றேன், பழக்கத்தில்.
"வாயில் இல்லீங்க, தண்ணி."
"மேல கடையில பாட்டில் கிடைக்கும்.
ரயிலுக்குள்ள குடிச்சிடாதீங்க, அபராதம்."

அவர் சிரித்தார்.
எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.
நன்றி சொல்லிவிட்டு
பெட்டியை உருட்டிக்கொண்டு
ஊதா நிறத் தடத்துக்கு இறங்கிப் போனார்கள்.

பதினெட்டு வருடம்.
ஒரு நாளைக்கு நூறு முறை அந்தப் பெயரைச் சொல்கிறேன்.
யாராவது 'படி' என்று சொன்னால்
எனக்கு மின்படிதான் நினைவுக்கு வரும்.

வேலை முடிந்து
ஸ்டாம்ஃபர்ட் சாலைப் பக்கம் நடந்தேன்.
முன்பு ஓடையாம். துணி துவைத்தார்களாம்.
பிறகு கால்வாய், பிறகு அதன்மேல் மூடி.
எல்லாம் ரோஸ்னா கைபேசியில் தேடிச் சொன்னது.
மழை அப்போதுதான் விட்டிருந்தது.
நடைபாதை ஓரம் ஒரு கம்பிச் சட்டம்.
சீருடையோடு குனிந்து
காதைக் கொடுத்தேன்.

ஓடுகிறது.
பேருந்துச் சத்தத்துக்கும் பேருந்துச் சத்தத்துக்கும் நடுவே
நன்றாகவே கேட்கிறது.

"ஏதாவது விழுந்துவிட்டதா?"
முதுகுப் பையும் வெயிலில் சிவந்த மூக்குமாய்
ஒரு வெளிநாட்டுப் பெண்.
நான் பதில் சொல்வதற்குள்
தன் கைபேசி விளக்கைக்
கம்பிகளுக்கிடையே பிடித்துவிட்டாள்.
அவள் தோழியும் முழங்காலிட்டாள்.
மூன்று தலைகள், ஒரு சாக்கடை.

"என்ன தேடுகிறீர்கள்?"

"தண்ணீர்" என்றேன்.

ஐயோ பாவம் என்று
தன் பாட்டிலை நீட்டினாள்,
குளிர் இன்னும் விடாதது.

வாங்கிக் குடித்தேன்.