உறவுமுறை

காந்தி ரோட்டில் எங்கள் லாட்ஜ் போர்டில்
வங்காள எழுத்துதான் பெரிசு.
தமிழ் கீழே,
பான் எச்சில் படும் உயரத்தில்.

வரவேற்பு மேசையில் நான்.
பக்கத்தில் கறுப்பு வெள்ளைச் சதுரம்,
எறும்புகள் வரிசை தவறி உறைந்துபோன மாதிரி.
அதை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி.
பணம் விழுந்தால் சுத்தத் தமிழில் கத்தும்.
கீரைக்கட்டு விற்கும் ரஞ்சிதம்கூட
இப்போது சில்லறை வைத்துக்கொள்வதில்லை,
கூடையில் தொங்குகிறது அவள் சதுரம்.

பதினான்காம் அறைக்கு வந்தவர் மொஃபிஸுல்.
குல்னாவுக்குத் தெற்கே ஏதோ ஊர்.
மனைவிக்கு இதய வால்வு.
அவர் போனிலும் பணம் இருந்தது, காட்டினார்:
இறால் விற்றது, நாலு லட்சத்துச் சொச்சமாம்,
எனக்கு வாசிக்கத் தெரியாத எண்களில்.
எங்கள் சதுரத்தின் முன் பிடித்தார்.
வட்டம் சுற்றியது. சுற்றியது.
பிறகு சிவப்பில் என்னவோ சொன்னது.
மொழி தெரியாவிட்டாலும்
'இல்லை' தெரியும்.

டாக்கா, டாக்கா என்றார்.
ஊரா, பணமா?
எங்கள் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

என் கொழுந்தன் சிங்கப்பூரில் வெல்டர்.
டீ இடைவேளையில் அனுப்புவான்,
தோசையைத் திருப்புவதற்குள் இங்கே வந்து விழும்.
அவ்வளவு கடலைத் தாண்டத் தெரிந்த பணத்துக்கு
ஒரு நெல்வயலைத் தாண்டத் தெரியவில்லை.

சரி என்று நான் கட்டினேன்.
அவர் நோட்டு மாற்றிவந்து எண்ணித் தருவார்,
நான் ஸ்கேன் செய்வேன்:
ரத்தப் பரிசோதனை, ஆட்டோ, மாத்திரை, இளநீர்.
அவரைப் பார்த்து ஒன்பதாம் அறை.
பிறகு மேல்மாடி முழுக்க.
ஜெஸ்ஸூர், சிராஜ்கஞ்ச், பெயரே வாயில் நிற்காத ஓர் ஊர்.
கமிஷனா? ஒருத்தர் தந்த பேரீச்சம்பழம்.
அதுவும் கொஞ்சம் பழசு.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை,
பெட்டி வாய் திறக்கவில்லை.
கணக்கு முடக்கம்.

வங்கிக்குள் ஏ.சி. குளிர்,
வெளியே மே மாத வேலூர்.
மேலாளர் ஆம்பூர்க்காரர், சின்ன வயசு, கெட்டவர் இல்லை.
திரையைத் திருப்பிக் காட்டினார்.
"நூத்திப் பன்னண்டு தடவை. யாரும்மா இவங்கள்லாம் உங்களுக்கு?"
படிவம் நீட்டினார்.
பணம் தந்தவர். தொகை. காரணம்.
கடைசிக் கட்டம்: உறவுமுறை.

பேனாவைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள்,
அந்தக் கட்டத்துக்கு எட்டவில்லை.
படிவத்தை இழுத்துக்கொண்டேன்.
வாடிக்கையாளர் என்று எழுதி அடித்தேன்.
தெரிந்தவர். அதுவும் பொய் மாதிரி இருந்தது,
அவர் மனைவி பெயரையே ரசீதில்தான் பார்த்தேன், ரெஹானா.
கடைசியில் 'பதினான்காம் அறை' என்று எழுதினேன்.
அவர் படித்தார்.
மறுபடி படித்தார்.
மேலே அனுப்பணும்மா, என்று முத்திரை குத்தினார்.

பதினோரு நாள் கழித்துக் கணக்கு திறந்தது.
அதற்குள் தையல் பிரித்து,
காட்பாடியில் ஹவுரா ரயில் ஏறிவிட்டார்கள்.
எதிர்க்கடை தயாளன் நோட்டில் மட்டும் ஒரு வரி:
ரூம் 14, டாக்கா, நாலு டீ.

அறுபது ரூபாய். ஸ்கேன் செய்தேன்.
தயாளன் பெட்டி உரக்கச் சொன்னது,
தெரு முழுக்கக் கேட்கும்படி,
யாரிடமிருந்து என்பதைச் சொல்லாமல்.