ஒன்பதாவது வட்டம்

கடைசி ட்ராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
நள்ளிரவு தாண்டி வருவாள் யாகோடா.
காலணியைக் கழற்றும் முன்பே கேட்பாள்:
"புதிதாக ஏதாவது விட்டார்களா?"

விடவில்லை.
இதுவரை வெளியிட்ட வரைபடத்தில் ஒன்பது வட்டங்கள்.
ஐந்துக்குப் பெயர் உண்டு.
நான்கு, அணைத்த மின்அடுப்பின் வளையங்கள் போலக்
கறுப்பாக.
அந்த நான்கில்தான் மூன்று மாதமாக அவள் குடித்தனம்.

முன்னோட்டத்தின் நாற்பத்தோராவது விநாடியை
நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடி நிறுத்தி
"நிழல் இரண்டு விழுகிறது பார்" என்கிறாள்.
ஆகவே ஆறாவதற்கு இரண்டு சூரியன்.
ஆகவே அங்கே யாரும் தனியாக நடப்பதில்லை.
ஏழாவதில் காற்றே கிடையாதாம்.
வைத்த காலடி வைத்தபடி கிடக்கும்.
இறங்குகிறவன் முதலில் காண்பது
தனக்கு முன் வந்தவள் தயங்கி நின்ற இடத்தை.
எட்டாவது முழுக்க உப்பு, நடுவே தண்டவாளம்.
"தண்டவாளம் எதற்கு?"
"உப்பை யார் சுமப்பது, நீயா?"

நான் தக்காளி சூப்பைச் சுடவைத்தேன்.

கணக்கு மென்பொருள் எழுதுகிறேன் என்று
சொல்லி வைத்திருக்கிறேன் அவளிடம்.
வ்ரோத்ஸ்வாஃபில், ஆற்றோரம், பழைய நூற்பாலையின் நான்காம் மாடியில்
அந்த உலகங்களுக்குப் பாறை செய்கிறவள் நான்.
வாய் திறந்தால் பதினெட்டு மாதச் சம்பளம் போகும் என்று
கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்கிறது.

ஆறாவதற்கு ஒரே சூரியன்தான்.
இரண்டாம் நிழல் ஒரு பிழை.
புகார் எண் 4417, இன்னும் திருத்தவில்லை.
ஏழாவதில் காற்று உண்டு, கொஞ்சம் அதிகமாகவே.
செடி வைக்க நேரமில்லாமல் புழுதியைக் கிளப்பிவிட்டோம்.
எட்டாவது பனி. உப்பு யாருக்கும் தோன்றவில்லை.
பதினொரு பேர், இரண்டு வருடம்,
ஒருவருக்கும் அந்தக் காலடி தோன்றவில்லை.
பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும் இதை.

ஒன்பதாவது
'தற்காலிகம்' என்ற கோப்புறைக்குள்
சாம்பல்நிறப் பந்து ஒன்று.
மறைத்து வைக்கவில்லை நாங்கள்.
செய்யவே இல்லை.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் க்ஷெசிமிர் சொன்னான்:
கறுப்பாகவே இருக்கட்டும், மர்மம் என்பார்கள்.

"ஒன்பதாவது?"
அன்றிரவு நானாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
கரண்டியை நக்கிவிட்டு யோசித்தாள்.
சாலைப் பனி இளக, வெளியே
உப்பு தூவும் லாரி மெல்லப் போனது.

"அதை நான் ஊகிப்பதில்லை.
கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்
வண்டி திரும்புகிற வளையம் ஒன்று இருக்கும்,
விளக்கில்லை, பயணி இல்லை,
ஐந்து நிமிடம் நான் மட்டும்.
அது மாதிரி ஏதாவது வைத்திருப்பார்கள்.
வைக்காமலா இருப்பார்கள்?"

சூப்பில் உப்பு குறைவு என்றாள் பிறகு.

வியாழக்கிழமை 4417ஐத் திறந்து
'பிழையல்ல' என்று எழுதி மூடினேன்.
பந்தை எதுவும் செய்யவில்லை.
இருமுறை சுழற்றிப் பார்த்தேன்,
மறுபக்கமும் சாம்பல்தான்.