வெட்டு

மூன்று நோட்டு நிரம்பிவிட்டது.
பேரரசன் எத்தனை மணிக்கு எழுவான்,
உடம்பில் சுற்றும் அந்த நீளத் துணியை
எவன் மூத்திரத்தில் ஊறவைத்து வெளுப்பார்கள்,
அழுகிய மீன்சாற்றை எதிலெல்லாம் ஊற்றித் தின்பார்கள்,
எல்லாம் தெரியும் எனக்கு.
நாவல் மட்டும் பதினோராம் பக்கத்தில்
படுத்துக் கிடக்கிறது.
அவன் வாயைத் திறந்தாலே
சிம்மக்கல் நூலகத்துப் பூச்சிமருந்து வாடை.

விளக்குத்தூண் பின்சந்தில்
மைதீன் பிச்சை கடையில் ஒரு வெள்ளிக்காசு.
வாங்க வக்கில்லை எனக்கு.
பார்க்கக் காசில்லை என்றார், டீயும் சொன்னார்.
லென்ஸுக்குள் அவன்:
தடித்த கழுத்து, தலையில் இலைமுடி,
கன்னத்தின் குறுக்கே ஆழமாய் ஒரு கோடு.

"போர்க்காயமா?"
"உளிம்மா. உள்ளே செம்பா வெள்ளியான்னு
இங்கன யாரோ போட்டுப் பாத்துருப்பாக.
ராசா மூஞ்சி யாருக்கு வேணும்?"

டீ ஆடை கட்டிவிட்டது.

கீழமாசி வீதியில் வத்தல் மூட்டை இறங்குகிறது;
தும்மிக்கொண்டே நடந்தேன்.
யானைக்கல் பாலத்துக்குக் கீழே
தண்ணீரில்லை, நாலு எருமை.

இரவு பதினோரு பக்கத்தையும் கிழித்தேன்.
புதிதாய் முதல் வரி:
அவள் காசைக் கல்லில் வைத்து உளியை ஓங்கினாள்;
யவனன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
இரண்டாம் வரி:
உளியைத் துடைத்தாள்.

எதில்?

ரோமாபுரி வண்ணான் கணக்கு
மொத்தமும் என்னிடம் இருக்கிறது.
இந்த ஆற்றோரம் ஒருத்தி
உளி துடைத்த துணி
என்ன நிறம், என்ன நெசவு,
தோளில் கிடந்ததா இடுப்பிலா,
ஒரு குறிப்பும் இல்லை.

காலையில் முதல் வேலை,
நாலாவது நோட்டு.