கைப்பிடி

ராதோம் நகரத்து மருத்துவமனை, இரண்டாம் மாடி,
இரத்தம் சுத்திகரிக்கும் கூடம்.
திங்கள், புதன், வெள்ளி,
காலை ஏழிலிருந்து நான்கு மணி நேரம்
ரொமுவால்டுக்கும் வியெஸ்வாவுக்கும்
அடுத்தடுத்த நாற்காலி.
தொலைக்காட்சி ஒன்று.
ரிமோட் ஒன்று.

ரொமுவால்ட் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர்.
அரசு சேனலில் வருவதுதான் அவருக்குச் செய்தி,
மற்றதெல்லாம் பெர்லினில் சமைத்து அனுப்புவது.
வியெஸ்வாவ் தோல் ஆலையில் கணக்கு எழுதியவர்.
தனியார் சேனலில் வருவதுதான் அவருக்குச் செய்தி,
மற்றதெல்லாம் அமைச்சரின் மைத்துனன் எழுதிக் கொடுப்பது.

இருவருக்கும் உப்பு ஆகாது.
வெள்ளரி ஊறுகாய் ஆகாது, தக்காளி ஆகாது,
தண்ணீர்கூட டம்ளர் கணக்கு.
நாக்குக்குக் கிடைக்காததை
நாக்காலேயே ஈடுகட்டிக்கொள்வார்கள்.
"உன் ஆள் நாட்டை விற்றுவிட்டான்."
"உன் ஆள்தானே தரகன்."
இரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தொட்டால்
நான் ரிமோட்டைப் பிடுங்கி
சமையல் நிகழ்ச்சி வைப்பேன்.
பன்றித் தொடை பொன்னிறமாக வேகும்வரை
கூடத்தில் பேச்சு மூச்சு இருக்காது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமிப் பார்த்து அடங்கியது.
மற்ற இயந்திரங்களில் பேட்டரி தாக்குப்பிடித்தது.
இந்த இரண்டில் இல்லை.
ஓடாத இரத்தம் குழாயிலேயே உறைந்துவிடும்.
அதற்கென்று ஒரு கைப்பிடி உண்டு,
பயிற்சியில் ஒரே ஒருமுறை தொட்டது.
யுஸ்தினா ஆள் தேடிப் படியில் ஓடினாள்.
நான் நடுவில் நின்றேன்,
வலது கையில் ரொமுவால்ட்,
இடது கையில் வியெஸ்வாவ்.
சுற்றினேன்.

குழாய்கள் மணிக்கட்டில் உரசின.
இரண்டும் ஒரே வெதுவெதுப்பு என்று சொன்னால்
அழகாகத்தான் இருக்கும்.
வியெஸ்வாவுடையது கொஞ்சம் ஆறியிருந்தது.
அவர் ஜன்னல் பக்கம்.

மாலையில் கூரையில் தட்டு வைத்த வண்டிகள் இரண்டு வந்தன.
இரண்டு மைக்குக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னேன்:
"கை விட்டுப்போனது, ஆனால் நிறுத்தவில்லை."
ஒருவன் முதல் பாதியை எடுத்துக்கொண்டான்,
இன்னொருவன் மீதியை.
ஏழு மணிக்கு நான்
நாசமாய்ப்போன சுகாதாரத் துறைக்குச் சாட்சி.
ஏழரைக்கு
தேசத்தின் தளராத கரம்.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
ஏழரையில் என் தலைமுடி நன்றாக இருந்தது.
க்தீனியாவில் இருக்கும் அக்காவுக்கு
அதைத்தான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை.
"ஐந்து நிமிடம்," என்றார் ரொமுவால்ட்.
"அதைப் போய் இந்த ஊது ஊதுகிறார்கள்."
"நாற்பது," என்றார் வியெஸ்வாவ்.
"நாற்பது நிமிடம் செத்துக் கிடந்தோம்."
ஐந்து அந்தச் சேனல் சொன்னது. நாற்பது இந்தச் சேனல்.
இருவரும் கிடந்ததோ
இதே நாற்காலிகளில், கண் விழித்தபடி,
என் கைக்கெட்டும் தூரத்தில்.

"நீயே சொல்," என்றார்கள்.
பதிவேட்டைத் திறந்தேன்.
தொடங்கியது ஒன்பது பன்னிரண்டு.
முடிந்தது ஒன்பது முப்பத்து...
கடைசி இலக்கம் நடுங்கிப்போயிருந்தது.
ஒன்றா ஏழா?
எழுதிய எனக்கே விளங்கவில்லை.

"பத்தொன்பது. இல்லாவிட்டால் இருபத்தைந்து," என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
இருவருக்கும் ஒரே கருத்து:
எனக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள்.

சரி என்று சொல்லி
கையுறையை மாட்டினேன்,
தடித்த ஊசிகளைப் பிரித்தேன்.
தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்
ரொமுவால்ட் கையை நீட்டினார்.
அவர் முடிந்ததும்
வியெஸ்வாவ்.