நடுவழியில் நின்ற வீடு

சிலோயே தீவில் வீடுகள் நடக்கும்.
மரவீடு, அடியில் உருட்டுக்கட்டை,
முன்னால் மாடுகள், பின்னால் ஊர்.
ஆனால் கேட்க வேண்டும்.
வீட்டுக்காரன் வாசல் வாசலாக வந்து
வாய்விட்டுக் கேட்க வேண்டும்.
கேளாதவன் வீட்டைக் கடல் தின்றாலும்
பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.
கல்நெஞ்சு என்றால் கல்நெஞ்சுதான்.

ஒனோஃப்ரே ரெமோல்கோய்
பதினொரு வருஷமாக எதையும் கேட்டதில்லை,
எங்களிடம்.
முனையில் வீடு. ஒரு படகு. ஒரு சிலுவை.
ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கையில்
வலைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருப்பான்.
பாதிரியார் இங்கே ஆண்டுக்கொருமுறை படகில் வருவார்;
மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது ஃபிஸ்கால்.
அவரிடமே கேட்டான்:
“கடவுளுக்கும் எனக்கும் நடுவில்
மணியடிக்க ஓர் ஆள் எதற்கு?”

அவன் அப்படி ஆனதில்
எங்களுக்கும் பங்குண்டு.
அவன் மனைவி ருத்தேசிந்தாவை அடக்கம் செய்த அன்று
ஆறு பேர் போனார்கள்.
பெட்டி தூக்கச் சரியாக இருந்தது, அழ ஆளில்லை.
காற்று என்றார்கள் சிலர், பாதை சேறு என்றார்கள் சிலர்.
நான் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன்.
செத்தவள் காத்திருப்பாள், கிழங்கு காத்திருக்காது என்று
சத்தமாகவே சொன்னேன்.
தீவு சின்னது. சொல் நடந்தே போய்ச் சேர்ந்துவிடும்.

போன குளிர்காலம் கடல்
அவன் கோழிக்கூண்டை எடுத்தது. பிறகு வேலியை.
பிறகு ஒரு ராத்திரி
அடுப்படிக்கு நாலு முழம் தள்ளி வந்து நின்றது.

கடைசியாக என் வாசலுக்கு வந்தான்.
தொப்பி கையில். மழை வழுக்கையில் அடித்தது.
கடவுளிடம் மட்டுமே பேசிப் பழகிய வாய்
என் முன்னால் திக்கியது.
“எதுவீனா, உன் மாடுகள்...”
அதற்குமேல் வரவில்லை.
நான் கிழங்கைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன்.
“ரெண்டு ஜோடி. சனிக்கிழமை, விடியுமுன்” என்றேன்.
மன்னிப்புக் கேட்பதைவிட
மாட்டைக் கொடுப்பது எளிது.

இழுக்குமுன் கதவைக் கழற்ற வேண்டும், ஜன்னலையும்.
இல்லாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.
அத்தனை காலம் சாத்தியே கிடந்த கதவு
இரண்டு பையன்களின் தோளில் ஏறிப் போயிற்று.
அவன் கடவுளோடு தனித்திருந்த அறையை
எல்லோரும் பார்த்தோம்:
ஒரே ஒரு நாற்காலி.
முழங்கால் பட்டுப் பள்ளம் விழுந்த பலகை.
ஆணியில் அவளுடைய கம்பளிச் சட்டை, கழற்றி மாட்டியபடியே.
யாரும் வாய் திறக்கவில்லை.

ஃபிஸ்கால் சிலுவை வரைந்தார். கயிறு இறுகியது.
கிளாவேலும் லுசேரோவும் தலை தாழ்த்தின.
வீடு முனகிற்று.
ஒரு சாண். பிறகு ஒரு கஜம்.
பெந்தெகொஸ்தேக்காரர்களும் வந்திருந்தார்கள்,
எங்கள் மாதா ஊர்வலம் வந்தால் ஜன்னலை மூடுகிறவர்கள்.
கயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

சேறு. ஒரு கட்டை பிளந்தது. இருட்டிவிட்டது.
வீடு நடுவழியில் நின்றுபோயிற்று,
சரியாக என் வேலிக்கு எதிரில்.
“நாளைக்கு” என்று ஊர் கலைந்தது.
அவன் உள்ளேயே படுத்துக்கொண்டான்,
கதவில்லாத வீட்டில், அடுப்பை இறக்கிவிட்ட வீட்டில்.

என் அடுப்பிலிருந்து ஒரு சட்டி கங்கு அள்ளிக்கொண்டு போனேன்.
அதற்குள் ஆறேழு கிழங்கு புதைத்திருந்தேன்.
தட்டக் கதவில்லை.
நிலைச்சட்டத்தைத் தட்டினேன்.

“ருத்தேசிந்தாவுக்கு அன்றைக்கு நான் வரவில்லை.”
“தெரியும்.”

ஒரு கிழங்கைத் தோலோடு தின்றான்.
சாம்பலைத் துப்பினான்.
“உப்பு இருக்கிறதா?” என்றான்.

எடுக்கப் போனேன்.
மாடுகள் இருட்டில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.
திரும்பி வந்தபோது
எனக்கு ஒன்றை உரித்து வைத்திருந்தான்,
நாற்காலியின் மேல்.