உள்ளது உள்ளபடி

விளம்பரத்தில் முதலில் இவ்வளவுதான் எழுதினேன்:
சுபாரு, தொண்ணூற்றெட்டு, பச்சை.
நான்கு சக்கரமும் இழுக்கும்.
ஸ்டீயரிங் வலப்பக்கம்.
பழுது பார்க்கிறவருக்கு, அல்லது பாகம் பாகமாய்.
உள்ளது உள்ளபடி. எண்ணூறு டாலர்.

பிறகு மனசு கேட்காமல் சேர்த்தேன்:
தரை இருக்கிறது, நம்ப வேண்டாம்.
போன வாரம் ஜாக்கி வைத்துத் தூக்கியபோது
வண்டி அப்படியே நின்றது,
ஜாக்கி மட்டும் உள்ளே ஏறி வந்தது.
எண்ணெய் குடிக்கும். கணக்கில்லாமல் குடிக்கும்.
பின்கதவைத் தாங்குவது உடைந்த ஹாக்கி மட்டை.
மட்டை விலையில் சேர்த்தி.

மிச்சிகனின் இந்த வடமுனையில்
பனி பெய்யாத மாதங்களுக்கு ஒரு கை விரல் போதும்.
சாலைக்கு உப்பிட லாரி வரும்,
விடியுமுன், அத்தனை நாளும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தது வண்டி.
உள்ளதுதான்
கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்துகொண்டே வந்தது.

அறுபத்தெட்டு மைல். முந்நூற்றுப் பதினோரு பெட்டிகள்.
கண்ணாடியை இறக்கு, கை நீட்டு, திற, செருகு, மூடு,
கண்ணாடியை ஏற்று. ஏற்றுவதற்குள் அடுத்த பெட்டி.
பதினாறு குளிர்காலம் என் வலத்தோள்
என்னைவிட வேறு தட்பவெப்பத்தில் வாழ்ந்தது.

இடப்பக்க இருக்கை தபால் தட்டுக்கு.
மனிதர் உட்கார்ந்தது ஒரே ஒரு முறை.
ஓட்டுகிறவன் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு
உட்கார்வது என்னவோ போலிருக்கிறது என்று
பாதி வழியில் இறங்கிக்கொண்டான் ராய்.
அடுத்த வசந்தத்தில், வீட்டிலிருந்தும்.

தொலைபேசி அடித்தது.
ஸ்டீயரிங்கை நல்ல பக்கத்துக்கு மாற்ற எவ்வளவு ஆகும்?
பூச்செடி வைக்க முன்மூடி மட்டும் தருவீர்களா?
இன்னொருவன், பெயர் சொல்லவில்லை,
பணத்துக்குப் பதில் இரண்டு ஆடும்
ஒரு ஸ்னோமொபைலும் தருகிறேன் என்றான்.
ஓடுமா என்றேன்.
ஆடுகள் ஓடும் என்றான்.

சனிக்கிழமை டுவெயின் லாட்டி வந்தார், டிரெய்லரோடு.
பனியில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து,
டார்ச்சை வாயில் கவ்வி
ம்ம், ம்ம் என்றார்.
டாக்டர்கள் அப்படிச் சொன்னாலே எனக்குப் பிடிக்காது.
ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து. கைப்பிடி வரை போயிற்று.

"கியர்பெட்டி நல்லா இருக்கு, பின் அச்சும்.
மத்ததெல்லாம் பெயின்ட்தான் நிக்குது."
அறுநூறு என்றார்.
அறுநூற்றைம்பது என்றேன்.
மட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

"நீங்களே ஏத்திடுங்க. எனக்குத் தப்பான பக்கம்."

சாய்பலகையில் பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது.
முன் இடது வழுக்கியது,
பின் வலது பிடித்துக்கொண்டது,
அது விட, வேறொன்று.
யாரும் யாரையும் கேட்காமல் நான்கும்
எங்களை மேலே கொண்டுபோய் வைத்தன.

இறங்கலாம் என்றால் கதவு பாதியில் நின்றது.
வலப்பக்கம் முழுக்க, கலப்பை தள்ளிய பனிமேடு.
கியர்த் தண்டைத் தாண்டி,
பதினாறு வருஷம்
ஊரார் மின்கட்டணமும் விதைப் பட்டியலும்
இரங்கல் அட்டைகளும் உட்கார்ந்து வந்த இருக்கைமேல்
முழங்காலால் ஊர்ந்து
அந்தப் பக்கம் தலை நீட்டினேன்.

டுவெயின் கை நீட்டினார்.
முகவரி சரிதானா என்பதுபோல
ஒரு கணம் முகத்தைப் பார்த்து
வாங்கிக்கொண்டார்.

நம்பர் பலகை எனக்கு, மற்றது அவருக்கு.
ஒரு திருகு வந்தது. ஒரு திருகு வரவில்லை.
இழுத்தேன்; பலகையோடு
உள்ளங்கை அளவு பம்பரும் வந்தது.
"அது என்னோடது" என்றார்.
கொடுத்துவிட்டேன்.

இரவு மறுபடி தொலைபேசி.
வண்டி இன்னும் இருக்கிறதா?
குரல் தெரிந்த குரல்.
ஜன்னலுக்கு வெளியே, வெள்ளைக்கு நடுவே,
நீள்சதுரமாய்க் கொஞ்சம் பழுப்பு.
அதன்மேலும் பெய்யத் தொடங்கியிருந்தது.

துரு மட்டும் இருக்கிறது என்றேன்.
அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
ஆடுகள், என்றேன்,
இன்னும் ஓடுகின்றனவா?